மச்சாள் கொண்டுவரும் சப்பாத்து

கேள்வி: எனக்கு வயது 36. கல்லடியில் வசிக்கும் ஆசிரியை. இரண்டு வருடங்களாகக் கிழமைக்கு நான்கு நாள், காலையில் ஐந்து கிலோமீற்றர் ஓடுகிறேன். கடற்கரையால் கொஞ்சத் தூரம், பிறகு தார் வீதியால் பாலம் வரை போய்த் திரும்புவேன். தடித்த அடியுள்ள ஓட்டச் சப்பாத்துத்தான் போடுகிறேன். சில மாதங்களாக முழங்காற் சிரட்டையைச் சுற்றி நோகிறது. சின்னவிரலும் உரசிக் காய்த்துவிட்டது. வெறுங்காலைப் போல இருக்கும் மெல்லிய சப்பாத்துப் போட்டால் முழங்கால் வலி தீரும் என்று இணையத்தில் பார்த்தேன். ஏப்ரலில் ரொறன்ரோவிலிருந்து மச்சாள் வருகிறாள். எது வேண்டும் என்று கேட்கிறாள். ஐந்து விரலும் தனித்தனியாக உள்ளது, வார் வைத்த செருப்பு, சாதாரணச் சப்பாத்துப் போன்றது என மூன்று வகை இருக்கின்றன. எதை எடுப்பது? ஆடிவேல் விழாவுக்கு உகந்தையிலிருந்து கதிர்காமத்துக்கு அம்மாவுடன் பாதயாத்திரை போகவும் எண்ணியிருக்கிறேன். அதற்கும் இதே சப்பாத்துப் போதுமா? அம்மாவுக்கு 63 வயது, பத்து வருடமாகச் சீனி வருத்தம். அவருக்கும் ஒரு சோடி எடுக்கலாமா? தம்பியோ, “அப்பப்பா வெறுங்காலோடுதான் திரிந்தவர், வெறுங்காலுக்கு எதற்குக் காசு?” என்கிறான்.

அன்புள்ள தங்கைக்கு,

அம்மாவைப் பற்றிய கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், மற்றவை காத்திருக்கலாம். அம்மாவுக்கு வேண்டாம். பத்து வருடச் சீனி வருத்தம் கண்ட காலுக்கு மெல்லிய அடியுள்ள சப்பாத்து ஆகாது, வெறுங்கால் நடை அதைவிடவும் ஆகாது. நீரிழிவு நெடுநாள் இருந்தால் பாதத்தின் நரம்புகள் சத்தமில்லாமல் உணர்விழந்து வரும். என்னிடம் சிகிச்சைக்கு வந்த ஓர் அம்மா, திருவிழா நாளில் உச்சி வெயிலில் கோயில் வீதியை வெறுங்காலோடு சுற்றியிருந்தார். மணல் சுட்டது அவருக்குத் தெரியவில்லை. மறுநாள் காலை, படுத்த பாயில் ஈரம் பட்டிருப்பதைக் கண்டுதான் உள்ளங்காலைத் திருப்பிப் பார்த்திருக்கிறார். இரண்டு பாதத்திலும் கொப்புளம் உடைந்திருந்தது. அந்தப் புண் ஆற மாதக்கணக்கானது.

அம்மாவை நீரிழிவு கிளினிக்குக்குக் கூட்டிச் சென்று பாத உணர்வைச் சோதிக்கச் சொல்லுங்கள். கண்ணை மூடச் சொல்லி, நைலோன் இழை ஒன்றை உள்ளங்காலில் பல இடங்களில் மெல்ல அழுத்திப் பார்ப்பார்கள். ஐந்து நிமிட வேலை. உணர்வு நன்றாகவே இருந்தாலும் அம்மாவுக்கு ஏற்றது விரல்களை மூடிய, உள்ளே உயரமும் மெத்தையும் உள்ள, தையல் உரசாத சப்பாத்து. ஒவ்வொரு தடவையும் போடுமுன் உள்ளே கையை விட்டுத் தடவிப் பார்க்க வேண்டும். கழற்றியதும் பாதத்தை விளக்கடியில் பார்க்க வேண்டும். உணர்வு குறைந்திருந்தால் காட்டுப் பாதை வேண்டாம். பஸ்ஸில் கதிர்காமம் போய் உங்களை அங்கே எதிர்கொள்ளட்டும். இதைச் சொல்லக் கேட்டு அம்மா வருந்துவார் என்று தெரியும், ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

இனி உங்கள் முழங்கால்.

நீங்கள் இணையத்தில் பார்த்தது பாதி உண்மை. அடி மெலிந்த சப்பாத்தோடு ஓடுகிறவர்கள் குதிகாலை நிலத்தில் அறைவதைக் குறைத்து, பாதத்தின் முன்பகுதியாலோ நடுப்பகுதியாலோ இறங்கப் பழகுகிறார்கள். குதிகால் வலித்தால் வேறு வழி தேடத்தானே வேண்டும். பிறந்ததிலிருந்து வெறுங்காலோடு ஓடுகிறவர்கள் இப்படித்தான் பெரும்பாலும் இறங்குகிறார்கள் என்று ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் டேனியல் லீபர்மன் குழுவினர் 2010இல் ‘நேச்சர்’ அறிவியல் இதழில் எழுதிய பிறகு இந்தச் சப்பாத்துகளுக்கு உலகெங்கும் மவுசு இன்னும் கூடியது. அப்படி இறங்கும்போது முழங்காலில் விழும் சுமை குறைவது உண்மை. குறைந்த சுமை காணாமற் போவதில்லை. கெண்டைக்காலுக்கும், குதிகாலுக்கு மேலே உள்ள தசைநாணுக்கும், விரல்களுக்குப் பின்னால் இருக்கும் ஐந்து மெல்லிய நீள எலும்புகளுக்கும் அது இறங்கிவிடுகிறது. முப்பது மில்லிமீற்றர் மெத்தையிலேயே நாள் கழித்த எலும்புகள் அவை.

இது என் சொந்தக் காலில் படித்த பாடம். இத்தொழிலுக்கு வந்து சில வருடமான பிறகு மெல்லிய சப்பாத்து ஒன்றை வாங்கி, மூன்றாம் நாளே கொங்கிறீற்றில் ஆறு கிலோமீற்றர் ஓடினேன். கால் இறகு போல இருந்தது. அந்த உற்சாகத்தில் இரண்டு கிழமை விடாமல் ஓடினேன். பிறகு ஒரு காலை, இரண்டாம் விரலுக்கு நேரே புறங்காலில் ஒரு விரல்நுனி அளவு இடத்தில் வலி. அதைத் தொட்டால் உடம்பே சிலிர்க்கும். எக்ஸ்ரேயில் எதுவும் தெரியவில்லை. மூன்று கிழமை கழித்து எடுத்த படத்தில், எலும்பைச் சுற்றிப் புதிதாகப் பஞ்சு சுற்றியது போல ஒரு வெள்ளை நிழல்: மயிரிழை போல முறிந்த இடத்தை எலும்பு தானே ஒட்டவைத்த அடையாளம். முதற் படத்தில் தெரியாமல் போவது இவ்வகை முறிவின் வழக்கம்; அதை நம்பித் தொடர்ந்து ஓடுகிறவர்களுக்குத்தான் பெரிய முறிவாகிறது.

எனக்கு நேர்ந்தது தனி விதியல்ல. 2013இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், பழகிய ஓட்டக்காரர் 19 பேரை ஐந்து விரற் சப்பாத்துக்குப் பத்துக் கிழமையில் படிப்படியாக மாற்றினார்கள். 10 பேரின் பாத எலும்புகளுக்குள் நீர்க்கோவை கூடியிருந்தது எம்.ஆர்.ஐ. படத்தில் தெரிந்தது. படிப்படியாக என்றும், பத்துக் கிழமை என்றும் சொன்னதே போதாமல் போயிருக்கிறது என்பதைக் கவனியுங்கள். அந்தச் சப்பாத்தைச் செய்யும் விப்ரம் நிறுவனம், உடல்நலன் பற்றிய தன் விளம்பர வாசகங்களுக்கு எதிரான வழக்கொன்றை 2014இல், குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலே, 37 இலட்சத்து 50 ஆயிரம் டொலருக்குத் தீர்த்துக்கொண்டது. சப்பாத்து கெட்டது என்று நான் சொல்லவில்லை. இன்றைக்கும் நான் மெல்லிய அடியோடுதான் நடக்கிறேன். அது வைத்தியம் செய்யும் என்ற வாக்குறுதிதான் கெட்டது.

முழங்காலுக்குச் சப்பாத்து மாறாமலே ஒன்று செய்யலாம், நாளைக் காலையே. ஒரு நிமிடத்தில் இரண்டு காலும் சேர்த்து எத்தனை தடவை நிலத்தில் படுகிறது என்று எண்ணுங்கள். 160 என்று வந்தால் அதே வேகத்தில் ஓடிக்கொண்டே 170 ஆக்குங்கள். அடி குறுகும், பாதம் உடம்புக்குக் கிட்ட இறங்கும், முழங்கால் தாங்கும் சுமை குறையும். ஆறு கிழமை இப்படி ஓடியும் வலி குறையாவிட்டால், அல்லது முழங்கால் வீங்கினாலோ மடங்கிப் பூட்டிக்கொண்டாலோ, சப்பாத்துக் கதையை விட்டுவிட்டு நேரில் காட்டுங்கள்.

சின்னவிரல் காய்ப்புக்குக் காரணம் அடியின் தடிப்பல்ல, முன்பக்கத்தின் ஒடுக்கம். மெல்லிய சப்பாத்துகளில் நான் மனதாரப் புகழ்வது இந்த ஒன்றைத்தான்: பாதத்தின் வடிவத்தைப் பார்த்துச் செய்கிறார்கள். செருப்போடும் வெறுங்காலோடும் வளர்ந்த நம்மவர் பாதம் முன்னுக்கு விரிந்தது; விரல்களுக்கிடையில் காற்றோட்டம் உண்டு. கூரிய மூக்குள்ள சப்பாத்துக்குள் அதைத் திணித்தால் பெருவிரலும் சின்னவிரலும்தான் பலி.

ஆகவே மச்சாளுக்குச் சப்பாத்தின் பெயரை அனுப்புமுன் பாதத்தின் படத்தை அனுப்புங்கள். பின்னேரம் செய்யுங்கள், நாள் முழுக்க நின்ற கால் அப்போதுதான் தன் முழு அளவில் இருக்கும். சீமெந்துத் தரையில் கடதாசியை வைத்து, சுவரில் குதிகால் முட்ட, முழுப் பாரத்தையும் அந்தக் காலில் விட்டு நில்லுங்கள். தம்பி பென்சிலை நட்டுக்குத்தாகப் பிடித்துக் கோடு கீறட்டும். சாய்த்துப் பிடித்தால் பாதம் ஒடுங்கிவிடும். இரண்டு காலையும் கீறுங்கள், ஒன்று மற்றதைவிட நீளமாயிருப்பது வழமை. நீண்ட காலின் மிக நீண்ட விரலுக்கு முன்னால் ஒரு சென்ரிமீற்றர் விட்டு நீளத்தை எடுங்கள். அகலம், விரல்கள் விரிந்திருக்கும் இடத்தில். சென்ரிமீற்றர் கணக்கில் சொன்னால்தான் சரி, இலக்கம் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும். கடையில் மச்சாள் உள்ளட்டையை உருவி உங்கள் கோட்டின் மேல் வைத்துப் பார்க்கட்டும். கோடு எந்தப் பக்கத்திலும் அட்டைக்கு வெளியே வந்தால், எவ்வளவு அழகான சப்பாத்தானாலும் திருப்பிக் கொடுத்துவிடட்டும்.

அடுத்து, குதிகாலும் முன்பாதமும் ஒரே மட்டத்தில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வழக்கமான ஓட்டச் சப்பாத்தில் குதிகால் எட்டுப் பத்து மில்லிமீற்றர் உயர்ந்திருக்கும். வெறுங்கால் வகையில் அந்த உயரம் இல்லை. பிறகு அடி: இரண்டு கையாலும் பிடித்து மூக்கைக் குதிகாலை நோக்கி மடித்தால் சப்பாத்து சுருள வேண்டும், துணியைப் பிழிவது போல முறுக்கினால் முறுக வேண்டும். இது எல்லா மெல்லிய சப்பாத்துக்கும் பொது. தடிப்பில்தான் நீங்கள் முடிவெடுக்க வேண்டும். மூன்று நான்கு மில்லிமீற்றரில் இருந்து பத்து வரை கிடைக்கிறது. நீங்கள் ஓடுவது தாரில். நடக்கப் போவது கல்லும் முள்ளும் நிறைந்த காட்டில். மூன்று மில்லிமீற்றர் உங்களுக்கு இப்போது வேண்டாம். எட்டுக்கும் பத்துக்கும் இடையில், அடியில் பிடிப்புக் கட்டைகள் உள்ளதை எடுங்கள்.

மூன்று வகையில் ஐந்து விரற் சப்பாத்தை நான் உங்களுக்குச் சொல்லமாட்டேன். கல்லடி மணல் விரலுக்கிடையில் புகுந்தால் மணற்கடதாசி உரசுவது போல் தோலை அறுக்கும். நம் மாரிகாலத்தில் அது காய்வதும் இல்லை. ஈரம் காயாத விரலிடுக்கில் சேற்றுப்புண் வர ஒரு கிழமை போதும். விரல்கள் ஒட்டியோ ஒன்றன்மேல் ஒன்று ஏறியோ இருப்பவர்களுக்கு அதைப் போட்டுக் கழற்றுவதே பெரும்பாடு. வார்ச் செருப்பு நம் காலுக்குப் பழகியது; குதிகாலைச் சுற்றி வார் இருந்தால் ஆறு கடக்கவும் முகாமில் நடக்கவும் அருமையானது. ஆனால் முதன்முதலாக ஓடப் பழகுகிறவருக்குப் பெருவிரலிடுக்கு கிழியும். சாதாரணச் சப்பாத்தின் தோற்றமுள்ளதே உங்களுக்கு ஏற்றது. விவோபேர்ஃபுட், ஸீரோ, மெரெல் என்ற பெயர்களில் காட்டுப் பாதைக்கென்று செய்தவை இருக்கின்றன. மேல்துணி நெருக்கமாக நெய்ததாக இருக்கட்டும். வலை அகலமானால் மணல் சல்லடையில் விழுவது போல் உள்ளே விழும். நீர் உட்புகாத வகை என்றால் வாங்க வேண்டாம். நம் வெக்கையில் வியர்வையும் வெளியே போகாது, ஆற்றில் நிரம்பிய தண்ணீரும் வெளியே போகாது. அல்ட்ரா என்ற பெயரைக் கேள்விப்படுவீர்கள்: முன்பக்கம் அகலம், பெரும்பாலானவற்றில் குதிகால் உயரமில்லை, மெத்தை மட்டும் உண்டு. வெறுங்கால் வகை அல்ல. ஆனால் நாற்பது தாண்டியவர்களுக்கு நான் அதிகம் சொல்வது அதைத்தான்.

இவ்வளவு காசு கொடுக்குமுன் ஒத்திகை பார்க்க வேண்டுமா? உங்கள் வகுப்புப் பிள்ளைகள் போடும் வெள்ளைக் கன்வஸ் சப்பாத்தில் ஓர் இலக்கம் பெரியதாக வாங்குங்கள். மெல்லியது, குதிகால் உயரம் மிகக் குறைவு, மடியும். மூக்கு ஒடுக்கம் என்பதுதான் குறை. நடந்து பார்க்கப் போதும், ஓட வேண்டாம்.

மச்சாள் வரும்வரை காலைத் தயார்படுத்துங்கள். வீட்டில் வெறுங்காலோடு இருங்கள். பல்துலக்கும் நேரத்தில் ஒற்றைக் காலில் நில்லுங்கள். படிக்கட்டு விளிம்பில் முன்பாதத்தை வைத்து, ஒற்றைக் காலில் குதிகாலை உயர்த்தி மெல்ல இறக்குங்கள். 25 தடவை தளராமல் செய்ய முடியாத கால் மெல்லிய சப்பாத்தில் ஓடத் தயாரான கால் அல்ல. பலர் அதற்கு முன்பே நின்றுவிடுவார்கள். அலை நனைத்து இறுகிய மணலில் பத்து நிமிடம் வெறுங்காலோடு நடக்கலாம். காய்ந்த மணல் வேண்டாம், குதிகால் புதைந்து தசைநாணை இழுக்கும். கரை கடலை நோக்கிச் சரிவதால் ஒரு கால் எப்போதும் பள்ளத்தில் இருக்கும். போன வழியாலேயே திரும்புங்கள், இரண்டு காலும் பங்கிட்டுக்கொள்ளட்டும். வள்ளம் இழுக்கும் இடங்களில் தூண்டிலும் உடைந்த போத்தலும் கிடக்கும், நீங்களே அறிவீர்கள். ஏற்பூசி கடைசியாக எப்போது போட்டீர்கள் என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சப்பாத்து கைக்கு வந்ததும் ஓடாதீர்கள். பாடசாலைக்கும் சந்தைக்கும் போட்டு நடவுங்கள், முதற் கிழமை நாளுக்கு அரை மணி. நடந்தாலே போதும் என்பதற்கு 2019இல் வெளியான ஆய்வொன்று உண்டு: எட்டுக் கிழமை மெல்லிய சப்பாத்தோடு நடந்தவர்களின் பாதத் தசைகள், அதற்கென்றே பயிற்சி செய்தவர்களின் தசைகளுக்குச் சமமாகப் பெருத்தன. மே மாதத்தில் ஓடத் தொடங்கலாம். வெபர் மைதானம் போன்ற புல்தரையில், வழமையான ஓட்டம் முடிந்தபின் சப்பாத்தை மாற்றி ஐந்நூறு மீற்றர், ஒருநாள் விட்டு ஒருநாள். கிழமைக்கு ஐந்நூறுக்கு மேல் கூட்டாதீர்கள். கெண்டைக்கால் நோவது இயல்பு, இரண்டு நாளில் போய்விடும். காலையில் கட்டிலிலிருந்து இறங்கும் முதலடியில் குதிகால் குத்தினால் ஒரு கிழமை நிறுத்துங்கள். புறங்காலில் விரல்நுனியால் தொட்டுக் காட்டக்கூடிய ஓரிடத்தில் நோவு வந்தால் அன்றோடு நிறுத்திவிட்டு வாருங்கள். என் கதை நினைவிருக்கட்டும். பழைய சப்பாத்தை எறிய வேண்டாம். ஐந்து கிலோமீற்றர் முழுவதையும் மெல்லியதில் ஓட எட்டுப் பத்து மாதம் ஆகலாம். ஆகாமலே போனாலும் குற்றமில்லை.

தம்பி கேட்டது நல்ல கேள்வி. கர்நாடகத்தில் மணிப்பால் மருத்துவர்கள் இருவர் 2300 பிள்ளைகளின் பாதத்தைப் பார்த்து 1992இல் எழுதினார்கள்: சப்பாத்துப் போட்ட பிள்ளைகளில் நூற்றுக்கு 8.6 பேருக்குத் தட்டைப் பாதம்; வெறுங்காலோடு திரிந்த பிள்ளைகளில் 2.8. ஆறு வயதுக்குள் சப்பாத்துக்குப் பழகுவதுதான் முக்கிய காரணமாகலாம் என்று கருதினார்கள். ஆகவே அப்பப்பாவின் பாதம் உங்கள் பாதத்தைவிட உறுதியானது என்பதில் தம்பி பக்கமே நான். ஆனால் அந்தப் பாதம் நடை பழகிய நாளிலிருந்து வட்டை வரம்பிலும் சேற்றிலும் மணற் பாதையிலும் உருவானது. தாரில் ஐந்து கிலோமீற்றர் ஓடுவது அதன் வேலையாக இருக்கவில்லை. அதே பாதத்தின் பித்தவெடிப்பு வழியாக எலிக்காய்ச்சல் புகுந்த கதைகளும் நம் வயல் ஊர்களில் ஏராளம். எத்தியோப்பிய வீரர் அபேபே பிக்கிலா 1960இல் ரோம் ஒலிம்பிக்கில் மரதன் ஓட்டத்தை வெறுங்காலோடு வென்றார். நான்கு வருடம் கழித்து டோக்கியோவில் சப்பாத்தோடு ஓடி, மூன்று நிமிடம் விரைவாக முடித்து மீண்டும் வென்றார். இரண்டும் அவர் கால்தான். தம்பியிடம் இதைச் சொல்லுங்கள், பிள்ளைகள் பிறந்தால் முற்றத்தில் வெறுங்காலோடு விளையாட விடவும் சொல்லுங்கள்.

கடைசியாகப் பாதயாத்திரை. உகந்தையைத் தாண்டினால் குமுக்கன் ஆறு, நாவலடி, வியாழை, கட்டகாமம் என்று நாட்கணக்கில் காடு. முதுகில் அரிசியும் தண்ணீரும் இருக்கும். அந்தச் சுமை முழுக்கப் பாதத்தில்தான் இறங்கும். கரிப்பட்ட கட்டையும் உடைமுள்ளும் எட்டு மில்லிமீற்றர் அடியையும் சில வேளை துளைக்கும். எனவே ஒரு கணக்கு வைத்துக்கொள்வோம்: ஜூன் முதற் கிழமைக்குள், முதுகுப் பையில் ஆறு கிலோ வைத்து, புதிய சப்பாத்தோடு அடுத்தடுத்த இரண்டு நாள் பன்னிரண்டு கிலோமீற்றர் நடந்து பாருங்கள். மூன்றாம் நாள் காலை நோவின்றி எழுந்தால் அதையே போட்டுப் போங்கள். இல்லாவிட்டால் உங்கள் பழைய தடித்த சப்பாத்தே இந்த வருடத்துக்குப் போதும். சின்னவிரல் பக்கம் பிளாஸ்திரி ஒட்டிக்கொள்ளுங்கள். எப்படியானாலும் ஆறு கடக்கவும் இரவில் முகாமில் நடக்கவும் வார்ச் செருப்பொன்றைப் பையில் கட்டுங்கள். மூன்று சோடி மேசு, ஒவ்வொரு தங்கலிலும் மாற்றுவதற்கு. ஊசி, நூல், முள் எடுக்கும் சாவணம், காயம் கழுவ மருந்து.

வெறுங்காலோடு நடப்பதாக நேர்த்தி வைத்திருந்தால் கடிதத்தில் எழுதியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அப்படி ஒரு நேர்த்தி இருந்து எழுதத் தயங்கியிருந்தால் மறுபடி எழுதுங்கள். அதற்குத் தயாராகும் முறை வேறு, இப்போதே தொடங்கியாக வேண்டும்.